வெண்கண்டல், குறுக்குவெட்டு

புதன்கிழமை. இரண்டாம் ஆண்டு தாவரவியல்.
பதினேழு பேருக்கு ஐந்து நுண்ணோக்கி.
ஆறாவதும் உண்டு;
உப்புக்காற்று தின்ற அதன் வில்லைக்குள்
பூஞ்சை வளர்ந்து கிளைவிட்டிருக்கிறது.
"அதையும் ஒரு மாதிரின்னு காட்டிருங்க மேடம்"
என்பார் ஆய்வக உதவியாளர் சீனி சுல்தான்.

காரங்காட்டிலிருந்து ஈரச்சாக்கில் வந்த இலைகள்.
நக்கிப் பாருங்கள் என்றேன்.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.
நானே முதலில் நக்கினேன்.
உப்பு.
குடித்த கடலை இது எந்த வாசல் வழியாகத் துப்புகிறது?
இன்றைய பாடம் அவ்வளவுதான்.

கேரட்டைப் பிளந்து இலையை நடுவில் செருகு.
பிளேடை நனை.
அறுக்காதே, இழு.
உன் பக்கமாக, ஒரே இழுப்பு.
சீவல் தண்ணீரில் மிதக்க வேண்டும்,
மூழ்கினால் அது கூட்டுக்குத்தான் ஆகும்.

ஜெரோன் வெட்டியது நெய்மீன் துண்டு.
வழிவிடுமுருகன் வெட்டியது கட்டைவிரல்.
செய்யது ராபியா கூவினாள்:
"செல் தெரியுது மேடம்!
வட்டமா, கறுப்பு விளிம்பு வச்சு, பளபளன்னு!"
குனிந்து பார்த்தேன்.
காற்றுக்குமிழி.
அதற்குள் படம் வரைந்து, பாகம் குறித்து
உட்கருவும் வைத்துவிட்டாள்.

கவர்ஸ்லிப்பைச் சாய்த்து இறக்கணும்மா,
குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி, என்றேன்.
இதே குமிழிக்கு ஒரு காலத்தில்
பத்துக்கு எட்டு வாங்கியவள் நான்.
அதைச் சொல்லவில்லை.

பதினொன்றேகாலுக்குக் கரண்ட் போனது.
விளக்கு நுண்ணோக்கிகள் நான்கும் குருடாயின.
ஆடி வைத்த கிழட்டுப் பித்தளை ஒன்றைத்
தூக்கிக்கொண்டு சன்னலுக்குப் போனோம்.
சூரியனை நேராகப் பிடிக்காதே, கண் அவிந்துவிடும்.
தண்ணீர்மேல் கிடக்கிற வெளிச்சத்தை எடு.
ஆடியைத் திருப்பத் திருப்ப
கீழக்கரைக் கடல்
ஒரு சில்லறைக்காசு அளவுக்கு
மேடையில் ஏறி வந்தது.

யாருடைய சீவல்?
எல்லாரும் தட்டைப் பார்த்தார்கள்.
நம்புச்செல்வி தன் கண்ணாடித்துண்டை நீட்டினாள்.
விரலில் இன்னும் துணி சுற்றியிருந்தது.
லீவு நாளில் அம்மாவோடு
களிமண்குண்டுப் பாறையில் மரிக்கொழுந்துப் பாசி பறிப்பவள்.
அதனால்தான் கை இப்படி என்று நினைத்தேன்.
கேட்டேன்.
"இல்ல மேடம். நேத்து ராத்திரி
மூணு கேரட்டு வெட்டிப் பழகுனேன்.
சாம்பார்ல போட்டுட்டாங்க."

சாஃப்ரனினில் சிவந்த அந்தச் சீவல்
செய்தித்தாள்மேல் வைத்தால்
அடியில் தங்கம் விலை படிக்கும் அளவுக்கு மெலிசு.

குறைந்த உருப்பெருக்கம் முதலில்.
பிறகு நாற்பது.
இனி பெரிய திருகைத் தொட்டால்
ஸ்லைடு நொறுங்கும், சம்பளத்தில் பிடிப்பார்கள்,
அதுவும் சம்பளம் வந்தால்.
சின்னத் திருகு, மயிரிழை, மூச்சை விடு.

அவள் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
"மேல்தோலுக்குக் கீழ தண்ணிப்பை மாதிரி
அடுக்கு அடுக்கா இருக்கு.
புத்தகத்துல நாலு வரிசை.
இதுல ஒரு பக்கம் அஞ்சு, ஒரு பக்கம் மூணு.
ஒரு இடம் கிழிஞ்சிருக்கு.
எதை வரையட்டும்?"

வெளித்தேர்வாளர் வருவார்.
அவர் கையில் புத்தகப் படம் இருக்கும்.
கிழிசலுக்கு மதிப்பெண் இல்லை.
என் பதிவேடு முழுக்கப் படம் பார்த்து வரைந்த படங்கள்,
ஒன்றில்கூட இலை இல்லை.

இருக்கிறதை வரை, என்றேன்.
குரல் கொஞ்சம் பிசிறியது.

பென்சிலைக் கூராக்கினாள்.
நிழல் தீட்டாமல், கோடு விட்டுப்போகாமல்
அஞ்சு, மூணு, கிழிசல்,
ஓரத்தில் குழிக்குள் உட்கார்ந்திருந்த
உப்புச் சுரப்பி ஒன்று.
அடியில் நான்
வழக்கமான சிவப்பு மையில்
வழக்கமான சொல்லை எழுதினேன்:
பார்க்கப்பட்டது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது.
மின்விசிறி சுழன்று
உலர வைத்த கவர்ஸ்லிப் அத்தனையும் பறந்தன.
சீனி சுல்தான் விளக்குமாறு தேடினார்.
செருப்பைக் கழற்றாதீங்க, செருப்பைக் கழற்றாதீங்க
என்று கத்திக்கொண்டே
நானும் குனிந்தேன்.